சின்ன உடம்பு, பெரிய உடம்பு

கேள்வி: கதையில் ஒருவர் மெலிந்து சிறுத்திருந்தால் இரக்கம் வருகிறது, பருமனாக இருந்தால் சிரிப்பு வருகிறது. தவறு வாசகர் மேலா, எழுத்தாளர் மேலா?
– ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: பெரும்பங்கு எழுதுகிறவர் மேல்தான். கல்கி 'பொன்னியின் செல்வன்' நாவலில் ஒற்றன் ஆழ்வார்க்கடியானைக் குள்ளமாக, பருத்தவனாகப் படைத்தார். அவன் எவ்வளவு பெரிய ஒற்றனாக இருந்தாலும், வந்ததுமே நாம் சிரிக்கத் தயாராகிவிடுகிறோம். அவ்வளவு தூரம் நடந்தானே, கால் வலித்திருக்குமா என்று கேட்பதில்லை.

நம் கொங்குச் சீமைக் கதைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பெருமாள்முருகனின் 'பூனாச்சி' (2016) கைக்குள் அடங்கும் வெள்ளாட்டுக் குட்டியோடு தொடங்குகிறது. பிழைக்குமா என்று அதை வளர்க்கும் கிழவியோடு சேர்ந்து நாமும் தவிக்கிறோம். அங்கே இரக்கத்தைப் பெற்றுத் தருவது அந்தச் சின்ன உடம்புதான். ஆனால் அவர் அதை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. பூனாச்சி வளர்கிறது, ஆசைப்படுகிறது, குட்டி போடுகிறது, பஞ்சத்தில் வாடுகிறது. வளர்ந்த பிறகும் நம் மனம் அதை விட்டு விலகுவதில்லை. எனக்கு இதுதான் பெரிய சாதனையாகத் தெரிகிறது.

உங்கள் ஊருக்கு மேலே டாப்சிலிப்பில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியை வைத்து ஜெயமோகன் எழுதிய 'யானை டாக்டர்' இன்னொரு கோடி. காட்டுக்குக் குடிக்க வந்தவர்கள் உடைத்துப் போட்ட பீர் பாட்டில் சில்லு பாதத்தில் ஏறி, சீழ் பிடித்து, நடக்க முடியாமல் யானை சாகிறது. அத்தனை பெரிய உடம்பு அங்கே பயத்தையோ சிரிப்பையோ தருவதில்லை. ஜெயமோகன் அந்தப் புண்ணைக் கிட்டத்தில் காட்டிவிடுகிறார். பருமனான மனிதர்களுக்கு நம் கதைகள் இந்த அளவு கவனம்கூடத் தரவில்லை என்பதே என் வருத்தம்.