வலைத்தளத்தில் விரிக்கப்படும் அடிமை வலை

‘தாய்லாந்தில் கணினி வேலை, கைநிறையச் சம்பளம், விமானச் சீட்டு இலவசம்.’ சமூக ஊடகங்களில் வெளிவந்த இத்தகைய விளம்பரங்களை நம்பிச் சென்ற இந்திய இளைஞர்கள் பலர், எல்லை கடத்தப்பட்டு, மியான்மரின் மியாவாடி பகுதியிலுள்ள இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டனர். கடவுச்சீட்டைப் பறிகொடுத்து, அடிஉதைக்கு அஞ்சி, முன்பின் அறியாதவரின் சேமிப்பைக் கவர்வதே அவர்களுக்கு இடப்பட்ட பணி. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இந்நிலையில் இருக்கக்கூடும் என 2023-இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் தெரிவித்தது. இதுவே நவீன அடிமைத்தனம்: சங்கிலி இல்லை, ஆயினும் விலக வழியில்லை.

நிறுவனங்கள் செய்தது என்ன?

2019-இல், குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்கள் இன்ஸ்டாகிராம் வழியாகவும் விற்கப்படுவதை பி.பி.சி. அரபுச் சேவை வெளிப்படுத்தியது. ஃபேஸ்புக் செயலியைத் தன் தளத்திலிருந்து நீக்க நேரிடும் என்று ஆப்பிள் எச்சரித்த பின்னரே நடவடிக்கை விரைவு பெற்றது. இச்சிக்கலை ஃபேஸ்புக் முன்பே அறிந்திருந்ததென்பது 2021-இல் வெளியான அதன் உள் ஆவணங்களால் தெரியவந்தது.

பின்னர் முயற்சிகள் பெருகின. மோசடி முகாம்களோடு தொடர்புடைய 20 லட்சத்திற்கும் மேற்பட்ட கணக்குகளை 2024-இல் நீக்கியதாக மெட்டா அறிவித்தது. 2025-இன் முதல் ஆறு மாதங்களில் வாட்ஸ்அப் 68 லட்சம் கணக்குகளை முடக்கியது. எனினும், கணக்கை நீக்குவதால் முகாமில் இருப்பவர் விடுதலை பெறுவதில்லை; ஒன்று போனால் மற்றொன்றைத் தொடங்குவதும் மோசடியாளருக்கு எளிது. ஆகவே, நமது விழிப்புணர்வே முதற்காவல்.

நாம் செய்ய வேண்டியவை

1. வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுப்பவர் பதிவுபெற்ற முகவர்தாமா என்பதை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் சரிபார்க்கவும்.

2. சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புவதாகக் கூறினால் மறுத்துவிடவும்.

3. ஐயத்திற்குரிய விளம்பரத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, பிறகே அத்தளத்தில் புகார் செய்யவும். விளம்பரம் நீக்கப்பட்டால் சான்றும் மறைந்துவிடும்.

4. கமிஷனுக்காக உங்கள் வங்கிக் கணக்கைப் பிறர் பயன்படுத்த இடமளிக்காதீர்கள். மோசடிப் பணம் கைமாறுவது இத்தகைய கணக்குகள் வழியாகவே.

5. பணம் இழந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைக்கவும்.

உங்களை ஏமாற்ற முயலும் குரலுக்குரியவரும் எங்கோ சிறைப்பட்டவராக இருக்கலாம். உங்கள் பணத்தைக் காப்பது, அவரைச் சிறைப்படுத்தியோரின் வருவாயை அடைப்பதுமாகும்.