பாடலைப் பார்க்கக் கற்பித்தல்

ஒரு பாடலைக் கேட்டால் பாடகரின் பெயரை மாணவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். அதைக் காட்சியாக்கிய இயக்குநரின் பெயரைக் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். திரையில் தெரியும் ஒவ்வொரு காட்சியும் ஒருவர் யோசித்து எடுத்த முடிவு என்பதை உணர்த்த, எட்டாம் வகுப்பில் நான் தேர்ந்தெடுத்தது ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’. 2017 ஜனவரியில் வெளிவந்த இக்காணொலி, எங்கள் மாணவர்கள் அன்றாடம் பார்க்கும் எண்ணூரில் படமாக்கப்பட்டது. எழுதியவர் கபேர் வாசுகி, மெட்டமைத்தவர் ஆர்.கே. ஸ்ரீராம்குமார், பாடியவர் டி.எம். கிருஷ்ணா, இயக்கியவர் ரதீந்திரன் ஆர். பிரசாத். கொடைக்கானல் பாதரசக் கழிவு குறித்து 2015இல் சோபியா அஷ்ரப் பாடிய காணொலியை இயக்கியவரும் இவரே.

முதலில் ஒலியை நிறுத்திவிட்டுக் காட்சியை மட்டும் பார்த்தோம். “சார், நம்ம பவர் ஹவுஸ் புகைக்கூண்டு!” என்று குரல்கள் எழுந்தன. அடுத்து, கண்களை மூடிக்கொண்டு பாடலை மட்டும் கேட்டோம். கர்நாடக இசை இராகமாலிகையில் சென்னைப் பேச்சுத்தமிழ் ஒலித்ததும் வகுப்பில் சிரிப்பு. மூன்றாவதாக, இரண்டையும் சேர்த்துப் பார்த்தோம்.

“பாடுறவர சபாவுல உட்கார வைக்காம ஏன் இங்க கூட்டினு வந்தாங்க?” என்று ஒரு மாணவன் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. மீனவக் குடும்பத்து மாணவி ஒருத்தி சொன்னாள்: “ஆத்தப் பத்திப் பாடுனா ஆத்தாண்டதான சார் பாடணும்?” இயக்குநரின் முதல் முடிவை வகுப்பே கண்டுபிடித்துவிட்டது.

பிறகு ‘புறம்போக்கு’ என்னும் சொல்லுக்கு வந்தோம். மாணவர்கள் அதை வசைச்சொல்லாகவே அறிந்திருந்தனர். ஆறு, ஏரி, மேய்ச்சல் நிலம் என ஊருக்குப் பொதுவானவற்றை வருவாய்ப் பதிவேடு அப்படித்தான் குறிக்கிறது என்று விளக்கினேன். கொசஸ்தலையாறு கடலில் சேரும் எண்ணூர்க் கழிமுகத்தை வரைபடத்தில் காட்டினேன். வெளியிடங்களுக்குப் போட்டிக்குச் செல்லும்போது ஊர்ப்பெயரைச் சொல்லத் தயங்கும் பிள்ளைகள் இவர்கள். தங்கள் ஊர் ஒரு கலைப்படைப்பின் நடுவில் இருப்பதை அன்று கவனித்துப் பார்த்தார்கள்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன், “எங்கப்பாக்கு அந்த பவர் ஹவுஸ்லதான் சார் வேலை” என்றான். பாடவேளையின் மிக முக்கியமான இடம் இதுதான் என்று கருதுகிறேன். சட்டகத்துக்குள் இருப்பதைப் பாராட்டக் கற்பிக்கும் நாம், அதற்கு வெளியே இருப்பதைக் கேட்கவும் கற்பிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்ததே இரசனை. அவன் தந்தையை எந்தக் காட்சியில் சேர்க்கலாம் என்று வகுப்பையே கேட்டேன். மதிய உணவு டப்பாவுடன் அவர் கழிமுகப் பாலத்தைக் கடக்கும் காட்சியை ஒரு குழு வரைந்தது.

செயல்பாடு: மாணவர்களை ஐவர் குழுக்களாகப் பிரியுங்கள். தம் தெருவைப் பற்றிய ஒரு நிமிடப் பாடலுக்கு நான்கு சட்டகங்கள் வரையட்டும். ஒவ்வொன்றின் கீழும் ‘இதை ஏன் காட்டுகிறோம்?’ என்று ஒரு வரி எழுதட்டும். ஐந்தாவது சட்டகத்தில், காட்டாமல் விட்டதை வரையட்டும். மதிப்பிடும்போது ஓவியத்தின் அழகைப் பார்க்க வேண்டாம்; எழுதிய காரணத்தைப் பாருங்கள். கைப்பேசியோ கேமராவோ தேவையில்லை. வெள்ளைத்தாளும் பென்சிலும் போதும்.