மூவாயிரம் பிஎஸ்ஐயும் வாவித் தண்ணீரும்

தை பிறந்தால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்களில் வெட்டு மெசின்கள் இறங்கும். பங்குனி வரை அவை வயலுக்கு வயல் மாறிக்கொண்டிருக்கும். லேண்ட்மாஸ்டர் பெட்டிகளிலும் லொறிச் சில்லுகளிலும் சேறு காய்ந்து இறுகும். மழை ஓய்கிற அதே நாட்களில் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை மதில்கள் பச்சைப் பாசியோடு நிற்கும். வாழைச்சேனையிலும் கல்லடியிலும் பைபர் படகுகளைக் கரையேற்றி வைத்திருப்பார்கள். இதையெல்லாம் பார்க்கிற ஓர் இளைஞனுக்கு, பிரஷர் வோஷர் ஒன்றை வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனால் என்ன என்று தோன்றுவது நியாயம். நல்ல தொழில்தான், குறைந்த முதலில் தொடங்கவும் முடியும். ஆனால் இந்தத் தொழிலைப் பற்றிப் பேச்சுவாக்கில் உலாவுகிற சில நம்பிக்கைகள், கையிலிருக்கும் சொற்பக் காசைப் பிழையான இடத்தில் கொட்ட வைக்கின்றன. நுண்கடன் எடுத்துத் தொடங்குகிறவருக்கு அந்தப் பிழை இரட்டிப்பாக வலிக்கும்.

"பிஎஸ்ஐ கூடக்கூட மெசின் நல்லது"

கடையில் முதலில் கேட்கிற கேள்வியே "இது எத்தனை பிஎஸ்ஐ?" என்பதுதான். மெசினின் பெட்டியிலும் அதுதான் பெரிய எழுத்தில் இருக்கும். அந்த எண்ணைச் சோதிக்க ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. பிஎஸ்ஐயும் பாரும் அழுத்தத்தின் அளவைகள். பிஎஸ்ஐயை 14.5ஆல் வகுத்தால் பார் வரும். பாரை, நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் என்பதால் பெருக்கி 600ஆல் வகுத்தால், அந்தத் தண்ணீரைத் தள்ளத் தேவையான சக்தி கிலோவாட்டில் கிடைக்கும்.

ஒரு மெசினில் 3000 பிஎஸ்ஐ, நிமிடத்துக்கு 9 லீற்றர், மோட்டர் 2000 வாட் என்று ஒட்டியிருக்கிறது என்று வைப்போம். 3000 பிஎஸ்ஐ என்பது ஏறக்குறைய 207 பார். அதை 9ஆல் பெருக்கி 600ஆல் வகுத்தால் 3.1 கிலோவாட். மோட்டரோ 2 கிலோவாட். அதிலும் ஒரு பங்கு சூடாகவும் சத்தமாகவும் போய்விடும். ஆக, அந்த மூன்று எண்களும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. பென்சிலும் துண்டுக் கடதாசியும் கொண்டு கடை வாசலிலேயே இதைப் போட்டுப் பார்க்கலாம்.

அழுத்தம் அழுக்கைக் கிளப்பும், அதைக் கழுவி எடுத்துக்கொண்டு போவது தண்ணீரின் அளவு. காருக்கும் ஓட்டோவுக்கும் 100 பார் தாராளம். அதைவிடக் கூட்டினால் பெயின்ற் உரியும், இன்ரர்லொக் கல்லின் இடுக்கு மணல் பெயர்ந்துவிடும், பழைய சுண்ணாம்புச் சுவர் பொரிந்து விழும். நொசிலின் நிறமும் இந்தக் கதையில் சேர்ந்ததுதான். பெரும்பாலான மெசின்களில் சிவப்பு என்றால் ஊசி போன்ற நேர்ப் பாய்ச்சல், பச்சை 25 பாகை விரிவு, வெள்ளை 40 பாகை. வாகனத்துக்குப் பச்சையும் வெள்ளையும் போதும். சிவப்பைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள்.

"வீட்டு மெசினே போதும்" என்பவரும், "ஸ்பிரேயர் பம்ப்தான் மலிவு" என்பவரும்

ஜெர்மனியின் கேர்ஹர் நிறுவனம் 1950இல் ஐரோப்பாவின் முதல் சுடுநீர் உயரழுத்தக் கழுவியைச் செய்தது. கையில் தூக்கக்கூடிய வீட்டு மெசினை அது கொண்டுவந்தது 1984இல்தான். அந்த இரண்டாவது வம்சத்தைத்தான் நம் கடைகளில் மலிவாகக் காண்கிறோம். அவற்றில் பல கரிப் பிரஷ் வைத்த மோட்டரில் ஓடுகின்றன. சத்தம் கூடவாக இருக்கும், இருபது முப்பது நிமிடம் ஓடியபின் ஆற விட வேண்டும். கிழமைக்கொரு முறை சொந்த மோட்டார் சைக்கிளைக் கழுவுகிறவருக்கு அது போதும். நாளைக்கு ஆறு வாகனம் கழுவுகிறவர் கேட்க வேண்டியது இன்டக்சன் மோட்டர். பாரம் கூட, விலையும் கூட, ஆயுளும் கூட.

மற்றது, மூன்று பிஸ்டன் வைத்து பெல்ட்டில் ஓடுகிற ஸ்பிரேயர் பம்ப். சின்னச் சின்ன சேர்விஸ் ஸ்டேசன்களில் ஓடுவது இந்த இனந்தான். அழுத்தம் 20 முதல் 40 பார்தான், ஆனால் நிமிடத்துக்கு 15, 20 லீற்றர் தள்ளும். சேற்றுக்கு இதைப்போல ஒன்றில்லை. இதில் எனக்கு மிகவும் பிடித்த விசயம் வேறு: புல்லியை மாற்றி இதைப் பெற்றோல் இஞ்சினிலும் ஓட்டலாம், கரண்ட் மோட்டரிலும் ஓட்டலாம். 2022ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டு. பிறகு பெற்றோலுக்கு கியூஆர் கோட். ஒன்றை மட்டும் நம்பியிருந்தவர் கை கட்டி நின்றார்.

ஆனால் ஸ்பிரேயர் பம்ப் தண்ணீர் குடிக்கும். 200 லீற்றர் பரலை அது பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் காலி பண்ணிவிடும். ஆகவே வாய்க்கால், கிணறு, தொட்டி உள்ள இடத்தில் நின்று செய்கிற வேலைக்கு அது. பரலைச் சுமந்துகொண்டு தெருத்தெருவாய்ப் போகிறவருக்கு நிமிடத்துக்கு 8 லீற்றர் அளவுள்ள மெசின். இரண்டையும் ஒன்றாக எடைபோட்டு "எது மலிவு" என்று கேட்பதில் பயனில்லை. எங்கே வேலை செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

கரண்ட் மெசினைச் சின்ன ஜெனரேற்றரில் ஓட்டலாம் என்பதையும் பலர் நம்புகிறார்கள். இன்டக்சன் மோட்டர் தொடங்கும் கணத்தில் ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். 2 கிலோவாட் மோட்டரை 2 கேவிஏ ஜெனரேற்றர் கிளப்பாது. வாடிக்கையாளர் வீட்டுக் கரண்டில் ஓட்டுவதென்றால் 30 மீற்றர் எக்ஸ்டென்சன் வயர் 2.5 சதுர மில்லிமீற்றர் தடிப்பில் இருக்கட்டும், அதை முழுவதும் விரித்துப் போடுங்கள். சுருட்டியபடி ஓட்டினால் வயர் சூடாகி உருகும். அந்த வீட்டில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று முதலில் அழுத்திப் பாருங்கள். ஈரக் காலோடு நிற்பது நீங்கள்தான்.

"வாவியில தண்ணி சும்மாதானே கிடக்கு"

என் பார்வையில் இந்தத் தொழிலை இங்கே கொல்கிற நம்பிக்கை இதுதான். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிற வாவி. குழாயை உள்ளே போட்டால் காசில்லாமல் தண்ணீர். கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் வந்து முகத்துவாரம் வெட்டப்படும் நாட்களில் அது பெரும்பாலும் மழைத் தண்ணீராகவே இருக்கும். ஆடி, ஆவணியில் அதே இடத்தில் நாக்கில் வைக்க முடியாது. கடல் நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அதில் பாதி உப்புள்ள தண்ணீரில் 100 லீற்றர் கொண்டு ஒரு காரைக் கழுவினால், 1.75 கிலோ உப்பை அதன்மேல் ஊற்றியிருக்கிறீர்கள். பெரும்பகுதி வழிந்தோடினாலும் கதவின் மடிப்பிலும் அடித்தட்டிலும் தங்குவது துருப்பிடிக்க வைக்கப் போதுமானது. பம்பின் அலுமினியத் தலையையும் அந்த உப்பு அரிக்கும். வாடிக்கையாளரின் வாகனம், உங்கள் மெசின், இரண்டையும் ஒரே நேரத்தில் இழக்கிறீர்கள்.

சரி, கிணறு? கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் திட்டில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு மெல்லிய படையாக மிதந்துகொண்டிருக்கிறது. மழைதான் அதற்கு உணவு. வேகமாக இறைத்தால் கீழேயுள்ள உப்பு மேலே ஏறும். 2004 சுனாமிக்குப் பிறகு கிணறுகளைத் துப்பரவாக்க மீண்டும் மீண்டும் இறைத்தபோது இந்தக் கரைக்கு அந்தப் பாடம் நேரடியாகவே கிடைத்தது. கோடையில் ஒரு வீட்டின் குடிதண்ணீர்க் கிணற்றில் பெரிய பம்பை இறக்கி ஒரே மூச்சில் உறிஞ்சாதீர்கள். அந்தக் குடும்பம் பிறகு உப்புத் தண்ணீரோடு இருக்க வேண்டி வரும்.

சில கிணறுகளில் இரும்புச் சத்து அதிகம். அதைக் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. வெள்ளை வாளி ஒன்றில் தண்ணீரை நிறைத்து இராத்திரி முழுவதும் வெளியில் வையுங்கள். விடியற்காலையில் வாளியின் அடியில் செம்மஞ்சள் படிவு ஒன்று, விரலால் தொட்டால் மாவுபோல் குழைந்து ஒட்டுகிறதா? வெள்ளைக் காரில் அதே நிறத்தில் சொட்டு அடையாளம் விழும். அந்தக் கிணற்றை விட்டுவிட்டு, உன்னிச்சைக் குளத்திலிருந்து சுத்திகரித்து வருகிற குழாய்த் தண்ணீரைக் கட்டணம் கொடுத்துப் பிடிப்பது மலிவு.

மணலுக்கு மட்டும் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள். பம்பின் வாய்க்கு முன்னால் கழற்றிக் கழுவக்கூடிய ஒரு வடிகட்டி. மெசின் விலையில் அது ஒரு சின்னத் துண்டு. அது இல்லாத பம்பில் மணல் போய் வால்வையும் சீலையும் அரைத்துவிடும். முதலில் அழுத்தம் துடிக்கும், பிறகு விழும். "மெசின் பழுது" என்பார்கள். பழுதானது தண்ணீர்.

"ஓட்டோவில ஐந்நூறு லீற்றர் ராங்கி வைக்கலாம்"

ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. நிறைந்த 200 லீற்றர் நீலப் பரல் ஒன்றே மூன்று பயணிகளின் பாரம். அதோடு மெசின், ஹோஸ், நீங்கள். அதுவே ஓட்டோவின் எல்லை. 500 லீற்றருக்குப் பட்டா லொறியோ லேண்ட்மாஸ்டர் பெட்டியோ வேண்டும். அரைகுறையாக நிறைந்த ராங்கி நிறைந்ததைவிட ஆபத்தானது, வளைவில் தண்ணீர் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து வண்டியையும் சாய்க்கும். நிமிடத்துக்கு 8 லீற்றர் மெசினில் கன்னை அழுத்திப் பிடிக்கிற நேரம் பத்து நிமிடம் என்றால் காருக்கு 80 லீற்றர்தான் போகும். ஆகவே ஒரு பரல், இரண்டு கார், பிறகு மீண்டும் நிரப்பு. தொடக்கத்துக்கு அது போதும்.

"பாசிக்கு அழுத்தத்தைக் கூட்டு"

பாசி உயிருள்ளது. அடித்துப் பெயர்த்தால் மிச்சம் சுவரிலேயே இருக்கும், அடுத்த மழைக்கு மீண்டும் வளரும். ஐதாக்கிய குளோரின் கரைசலைத் தோளில் மாட்டும் கைப்பம்பால் தெளித்து, பத்து நிமிடம் விட்டு, மெல்லிய அழுத்தத்தில் கழுவினால் சுவரும் தப்பும், பெயின்றும் தப்பும். பக்கத்துப் பூங்கன்றுகளை முன்னும் பின்னும் நல்ல தண்ணீரால் நனையுங்கள். குளோரினைப் பிரஷர் பம்புக்குள்ளால் விடாதீர்கள், அது சீலைத் தின்னும். கழிவறை கழுவும் அசிட்டோடு அதை ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

அஸ்பெஸ்டஸ் சீற் கூரையைக் கழுவித் தரச் சொல்லிக் கேட்டால், எவ்வளவு காசு தந்தாலும் மறுத்துவிடுங்கள். வெயிலும் மழையும் பட்டு மேற்தோல் தளர்ந்த சீற்றில் உயரழுத்தத் தண்ணீர் பட்டால் நார் கிளம்பும், சிதறிய ஈரம் காய்ந்ததும் அது காற்றில் ஏறும். கண்ணுக்குத் தெரியாத அந்த நார் நுரையீரலுக்குள் போய்ப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு புற்றுநோயாக வரலாம். கூரை ஏறுகிற பையனுக்கும், கீழே விளையாடுகிற பிள்ளைகளுக்கும்.

"தண்ணிதானே, என்ன செய்யப்போகுது"

100 பார் பாய்ச்சல் தோலைத் துளைக்கும். துளை ஊசிக் குத்துப் போலத்தான் தெரியும், இரத்தம்கூடப் பெரிதாக வராது. உள்ளே தண்ணீரும் சோப்பும் அழுக்கும் விரலின் நரம்பு நாளங்களுக்கிடையில் பரவியிருக்கும். துணி சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தவர் விரலை இழக்கலாம். உடனே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போய், "உயரழுத்தத் தண்ணீர் தோலுக்குள் பாய்ந்தது" என்று அதே சொற்களில் சொல்லுங்கள். சப்பாத்தும் கண்ணாடியும் வாங்குகிற காசு மெசினுக்கு முன்னால் ஒதுக்க வேண்டிய காசு.

"நடமாடும் தொழிலுக்கு அனுமதி தேவையில்லை"

தொழில் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம், அதற்குப் பெரிய செலவில்லை. ஒரே இடத்தில் நிலையாக நின்று வாகன சேர்விஸ் செய்யத் தொடங்கினால், 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் பற்றிய கேள்வி வரும். முன்கூட்டியே மத்திய சுற்றாடல் அதிகார சபையிலும் உங்கள் பிரதேச சபையிலும் கேட்டுவிடுங்கள். உரிமம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இஞ்சின் எண்ணெய் கலந்த கழிவை வடிகானில் விடாதீர்கள். நகரத்து வடிகான்கள் பல வாவியில்தான் போய் விழுகின்றன. இறாலும் நண்டும் பிடித்துச் சாப்பிடுகிற வாவி அது. இஞ்சின் பகுதியை முதலில் பழந்துணியால் துடைத்து, துணியைத் தனியே கட்டி வையுங்கள். வாகனத்தைப் புல்லிலோ மணலிலோ, கிணற்றிலிருந்து எட்ட நிறுத்திக் கழுவுங்கள்.

"பாவித்தது வாங்கினால் ஏமாந்துபோவோம்"

பார்க்கத் தெரியாவிட்டால் ஏமாறலாம். பார்ப்பது கஷ்டமில்லை. இஞ்சினைக் கிளப்பி இருபது நிமிடம் ஓடவிடச் சொல்லுங்கள். விற்பவர் ஐந்து நிமிடத்தில் நிறுத்தப் பார்த்தால் திரும்பி வாருங்கள். ஓடி முடிந்ததும் பம்பின் பக்கத்திலுள்ள சின்னக் கண்ணாடி வட்டத்தைத் துடைத்துவிட்டு உள்ளே பாருங்கள். எண்ணெய் தேன் நிறத்திலோ கறுத்தோ இருக்கலாம். பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் சீல் விட்டு எண்ணெய்க்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது, விலையில் அதைக் கழிக்கச் சொல்லுங்கள். பிறகு மீண்டும் கிளப்பி, கன்னை மூடிவிட்டு, ஹோஸ் இணைப்புகளின் கீழே, கையால் தொடாமல், சற்றுத் தள்ளி ஒரு கடதாசித் துண்டைப் பிடித்துப் பாருங்கள். மெல்லிய கசிவு அதில் புள்ளியாய் விழும். ஹோஸின் தோல் உரிந்து உள்ளேயிருக்கும் கம்பிப் பின்னல் தெரிந்தால் அந்த ஹோஸை இலவசமாகத் தந்தாலும் எடுக்காதீர்கள். பம்ப் வயலில் களைநாசினி அடித்ததா என்றும் கேளுங்கள். அடித்திருந்தால் குடிதண்ணீர்த் தொட்டி கழுவுகிற வேலைக்கு அதை ஒருபோதும் கொண்டு போகக் கூடாது.