நுகத்தடியை ஒட்டிச் செய்யலாமா?

கேள்வி: மாட்டுவண்டி நுகத்தடியைப் பலகைகளை ஒட்டி வீட்டுப் பட்டறையிலேயே செய்ய முடியுமா?
- வாசகர், கிழக்குத் தாம்பரம்

பதில்: முடியும். ஆனால் பிளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும்; நுகத்தடியிலோ எல்லா அடுக்கின் ரேகையும் நீளவாக்கில்தான் ஓட வேண்டும். அப்போதுதான் இழுவையைத் தாங்கும்.

மரம் நன்றாகக் காய்ந்திருக்கட்டும். ஈரப் பலகை பின்னால் சுருங்கி ஒட்டைப் பிளந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலை வேண்டாம். சாதாரண வெள்ளைப் பசை நனைந்தால் இளகும். எபாக்சி தடவி, நெடுகக் கிளாம்பு போட்டு, ஒருநாள் முழுக்க விடுவது நல்லது.

நம் மாடுகளுக்குத் திமிலுக்கு முன்னால்தான் நுகம் உட்காரும். கழுத்தில் படும் இடம் அகலமாக, வழுவழுப்பாக, விளிம்பு உருண்டு இருக்க வேண்டும். கூரான விளிம்போ ஆணித்தலையோ உரசினால் கழுத்தில் புண் வரும்.

புண் கண்டால் வண்டி பூட்டுவதை நிறுத்திவிட்டு, அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.