ஒரே படுக்கைக்கு ஆயிரம் கைகள்

தில்லி சாணக்யபுரியிலுள்ள தேசிய இரயில் அருங்காட்சியகத்துக்குச் செல்வோர், பாட்டியாலா சமஸ்தானத்தின் ஒற்றைத் தண்டவாள வண்டியையும் பழைய நீராவி எஞ்சின்களையும் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். அதே சாணக்யபுரியில் இயங்கும் மற்றோர் இரயில்வே நிறுவனத்தைப் பார்க்க எவரும் செல்வதில்லை. ஆயினும் நாள்தோறும் காலையில் கண்ணுக்குத் தெரியாத பெருங்கூட்டம் ஒன்று அதன் வாயிலில் முண்டியடிக்கிறது. 1986-இல் நிறுவப்பெற்ற இரயில்வே தகவல் முறைமைகள் மையம், சுருக்கமாகக் ‘கிரிஸ்’, முன்பதிவுக் கணினி அமைப்பை உருவாக்கிப் பேணி வருகிறது. குளிர்சாதன வகுப்புகளுக்குப் பத்து மணிக்கும் ஏனையவற்றுக்குப் பதினொரு மணிக்கும் தட்கல் திறக்கும்போது, சில நிமிடங்களுக்குள் அவ்வமைப்பு தாங்க வேண்டிய சுமை மிகப் பெரிது.

2014-க்கு முன் இணையவழியில் நிமிடத்துக்கு 2,000 சீட்டுகளே பதிவு செய்ய இயன்றது. அவ்வாண்டு வந்த புதிய அமைப்பு அதனை 7,200 ஆக உயர்த்தியது. 2025 மே 22 அன்று ஒரே நிமிடத்தில் 31,814 சீட்டுகள் பதிவாயின.

கணினிகளை அடுக்கிக்கொண்டே போனால் இது கைகூடிவிடுமா? பாதி வேலைக்கு மட்டும் கைகூடும். ‘தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இடம் உண்டா?’ என்பது கேள்வி. அதன் விடையைப் பல நகல்களாக நினைவகத்தில் வைத்து, எத்தனை இலட்சம் பேருக்கும் பல வழங்கிகள் பகிர்ந்து கூறலாம். நகல் சில நொடிகள் பழையதாக இருந்தாலும் பெருங்கேடில்லை. திரையில் பன்னிரண்டு இடங்கள் இருப்பதாகக் கண்டவர் முடிவில் காத்திருப்போர் பட்டியலில் நிற்க நேர்வது இதனால்தான்.

‘இந்தப் படுக்கையை எனக்குக் கொடு’ என்பதோ வேறு வகை. ஒரு படுக்கையை ஒருவருக்கே கொடுக்க முடியும். அதற்கு நகல் உதவாது. கூட்டுக் கணக்கில் ஆயிரம் ரூபாயே எஞ்சியிருக்கையில், கணவர் மதுரையிலும் மனைவி தில்லியிலும் ஒரே நொடியில் ஆயிரம் எடுக்க முயல்வதாகக் கொள்வோம். இருவரில் ஒருவரைக் கணக்கேடு காக்க வைத்தே ஆக வேண்டும். இரயில்வே இச்சுமையைப் பிரித்தது. தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களில், ஒவ்வொரு வண்டியின் ஏடும் ஏதேனும் ஒன்றில் இருக்கும். 1999-இல் அவை ஒன்றிணைக்கப்பட்டதால் எங்கிருந்தும் எந்த வண்டிக்கும் பதிவு செய்யலாம். ஒரு வண்டியின் நெரிசல் மற்றொன்றின் ஏட்டைப் பூட்டாது. ஆனால் ஒரே வண்டிக்கு வந்த ஆயிரம் பேரும் ஒரே ஏட்டின் முன்தான் நிற்க வேண்டும்.

வரிசையில் நிற்போர் மனிதர்தாமா என்பதும் கேள்வியாயிற்று. தட்கல் திறந்த முதல் ஐந்து நிமிடங்களில் உள்நுழைய முயல்வனவற்றுள் பாதிவரை தானியங்கி நிரல்கள் என்று இரயில்வே 2025-இல் கூறியது. அவற்றைத் தடுக்காமல் வேகத்தை மட்டும் கூட்டினால், இடங்களை அவை இன்னும் விரைவாக அள்ளிக்கொள்ளும் என்பதே எம் கருத்து. அவ்வாண்டு ஜூலை முதல் இணையவழித் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயமாக்கப்பட்டது பொருத்தமே.

வங்கி வாடிக்கையாளருக்கு முக்கியமானது இறுதிப் படி. பணம் செலுத்திய பின்னரே படுக்கை ஒதுக்கப்படுகிறது. இடைப்பட்ட நொடிகளில் உங்கள் வங்கி, கட்டண வாயில், முன்பதிவு ஏடு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லியாக வேண்டும். இவற்றுள் ஒரு பதில் தாமதித்தாலும் பணம் கழிந்தும் சீட்டு வராமல் போகலாம். அவ்வேளையில் பதற்றத்தில் மறுமுறை பணம் செலுத்த வேண்டா. அது புதியதொரு பரிவர்த்தனையாகவே கொள்ளப்படும். முதலில் ‘பதிவு செய்த சீட்டுகள்’ பகுதியைப் பாருங்கள். ஐ.ஆர்.சி.டி.சி.யின் மின்பணப்பையில் முன்கூட்டியே பணம் இட்டு வைப்போருக்கு வங்கிக்குச் சென்று திரும்பும் அந்தப் படியே இல்லை.

பணம் வணிகரைச் சென்றடைந்தும் சீட்டு பதிவாகவில்லையெனில், வணிகர் அதனைத் திருப்பி அனுப்புவார். கணக்கில் கழிந்து, வணிகருக்கு உறுதிப்பாடே எட்டவில்லையெனில், இந்திய ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கை பொருந்தும். இணையவழி அட்டைப் பரிவர்த்தனைக்கும் வணிகருக்குச் செலுத்தும் யு.பி.ஐ.க்கும், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாள்களுக்குள் தொகை தானாகத் திரும்ப வேண்டும். அதற்குமேல் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வாடிக்கையாளர் புகார் அளிக்கும்வரை காத்திராமல் அதனையும் கணக்கில் வரவு வைக்க வேண்டும்.