மாணவர் குழூஉக்குறியும் தன்னெள்ளலும்

தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைப்படுத்தினார் நன்னூலார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் குழூஉக்குறிக்கு உரைகளிற் காணும் உதாரணங்களாம். மாணவர்க்கும் இத்தகைய சொற்கள் பல உள. ஆயின் பொற்கொல்லர் பொருளை மறைத்தற்பொருட்டு வழங்கினர். மாணவரோ தம் தோல்வியைத் தாமே வெளிப்படுத்தி நகுதற்பொருட்டு வழங்குகின்றனர்.

'மொக்கை' என்னுஞ் சொல்லை நோக்குக. கூர்மையின்மை என்பது அதன் பொருள். 'மொக்கை போட்டேன்' என்பான், தன் வேடிக்கைப் பேச்சு கூர்மழுங்கிற்றெனத் தானே ஒப்புகின்றான். 'பல்பு வாங்கினேன்' என்பான், பலர் முன்னிலையில் ஏமாந்து நாணியதைச் சொல்லுகின்றான். தேறாத பாடத்திற்கு 'அரியர்' என்று பெயர். நிலுவைத் தொகையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லினின்று வந்தது அது. தோல்வி ஈண்டுக் கடனாயிற்று, கடனாயின் தீர்த்துவிடலாமன்றோ!

நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கனைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிற் கூறினார். அவற்றுள் எள்ளலைப் பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுதலும், பிறரால் எள்ளப்பட்டவழித் தான் நகுதலும் என இரண்டாக்கினார். தன்னைத் தானே எள்ளி நகுதலை இவற்றோடு மூன்றாவதாக வைத்தெண்ணலாம் என்பது என் கருத்து.

முதற்பருவத் தேர்வில் யான் ஆங்கிலத்தில் தவறினேன். அன்றிரவு விடுதி உணவுக்கூடத்தில், "நமக்கும் ஓர் அரியர் வந்துவிட்டது" என்றேன். நண்பர் யாவரும் நகைத்தனர். உடனே அவருள் இருவர் தாமும் தவறியதை உரைத்தனர். என் மனச்சுமை இறங்கிற்று. மறுவாரம் வகுப்பில் ஒருவர் என்னை 'அரியர்' என்றே பெயரிட்டு அழைத்தார். அப்பொழுதும் யாவரும் நகைத்தனர். எனக்கோ நகை வரவில்லை. சொல் ஒன்றே, அதைச் சொல்லிய வாய்தான் வேறு.

இதனால் அறியக்கிடப்பது யாது? தன்னெள்ளற் சொல், சொல்லியவனுக்கே உரியது. அவன் அதனால் தன்னைத் தாழ்த்தி, தன்னைப்போல் தவறினார்க்கு வாயில் திறக்கின்றான். அச்சொல்லைப் பிறர் எடுத்து அவன்மேல் எறியின், அவ்வாயில் அடைபடும்.

மற்றொன்றும் உண்டு. ஒருவன் ஓயாது தன்னையே எள்ளுவானாயின், அந்நகையின் அடியில் துயரம் இருத்தலுங் கூடும். ஆதலின் நண்பர்களே, அவனோடு சேர்ந்து நகைப்போம், நகைத்தபின், "எந்தப் பாடம்? சேர்ந்து படிப்போமா?" என்றும் கேட்போம். அன்று என்னை அவ்வாறு கேட்டவர், தாமும் தவறிய அவ்விருவரே. மூவரும் கூடியிருந்து படித்து, அடுத்த தேர்வில் அக்கடனைத் தீர்த்தோம்.