வாய்க்காலும் வழக்கும்: சட்டம் பயில விழைவார்க்கு ஒரு பாடம்

"வல்லான் வகுத்ததே வாய்க்கால்" என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. வலிமையுடையான் எவ்வழி வெட்டினானோ அவ்வழியே நீர் செல்லும். எளியவன் வயல் காய்ந்து கிடக்கும் என்பது இதன் கருத்து. இப்பழமொழியை மறுப்பதற்கென்றே ஏற்பட்ட இடம் நியாயஸ்தலம். வல்லானையும் எளியவனையும் ஒரே நிரையில் நிறுத்தி, "உன் உரிமைக்கு ஆதாரம் யாது?" என்று அது வினவும். அவ்வினாவிற்கு விடை பகரும் ஆற்றலை அளிப்பதே சட்டக் கல்வியின் பயன்.

கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையம் வட்டத்தில், சின்னமனூரை அடுத்துள்ளது மார்க்கையன்கோட்டை. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரையில் இருபோகம் விளையும் 14,707 ஏக்கர் நஞ்சையில் இவ்வூர் வயல்களும் சேர்ந்தவை. இத்தகைய ஊர்களிலிருந்து வந்து நம் கல்லூரியில் இளங்கலை பயிலும் மாணவர் சிலர், பட்டம் பெற்றபின் சட்டம் பயிலலாமா, பயின்றால் எவ்வாறு பயில்வது என்று கேட்பதுண்டு. அவர்க்கு அயல்நாட்டு உதாரணங்கள் வேண்டுவதில்லை. அவர்தம் வயலுக்கு நீர் வரும் வழியே சட்டக் கல்வியின் பல பாடங்களைத் தன்னுள் அடக்கியுள்ளது.

அந்நீர் மழையால் மட்டும் வருவதன்று; ஒரு சாசனத்தாலும் வருகின்றது. 1886-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள், திருவிதாங்கூர் மகாராஜாவிற்கும் இந்தியாவிற்கான ராஜாங்க மந்திரிக்கும் இடையே ஒரு குத்தகைப் பத்திரம் நிறைவேறிற்று. ஏறத்தாழ 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டொன்றிற்கு ஐந்து ரூபாய் வீதம், 999 ஆண்டுகளுக்கு விடப்பட்டது. அப்பத்திரத்தின் பலத்தைக் கொண்டே பென்னிகுவிக் துரை முதலிய பொறியாளர் அணை எடுத்து 1895-இல் முடித்தனர். மேற்கே அரபிக்கடலை நோக்கிச் சென்ற நீர், மலையைக் குடைந்த வழியே கிழக்கே திரும்பிற்று.

இனி, இதனுள் அடங்கிய பாடங்களைக் காண்போம்.

முதலாவது, சொத்துரிமைச் சட்டம். குத்தகையாவது அனுபவிக்கும் உரிமையை மாற்றித் தருவதேயன்றி உடைமையையே மாற்றுவதன்று. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இதனை விளக்கும். எழுதிக் கொடுத்த சமஸ்தானமும், எழுதி வாங்கிய ஆங்கில ஆட்சியும் மறைந்தொழிந்தன. அங்ஙனமாயின் அப்பத்திரம் யாரைப் பிணிக்கும்? இவ்வினா ஏட்டில் மட்டும் எழுந்ததன்று. இந்திய உச்ச நீதிமன்றத்திலேயே வாதிக்கப்பட்டது. தமிழ்நாட்டையும் கேரளத்தையும் அது பிணிக்கும் என்றே 2014-இல் தீர்ப்பாயிற்று.

இரண்டாவது, சொற்பொருள் காணும் முறை. இந்நீரைக்கொண்டு மின்சாரம் எடுக்கச் சென்னை அரசு விழைந்தபோது, பாசனத்திற்கென்றே நீர் விடப்பட்டதென்று திருவிதாங்கூர் தடுத்தது. வழக்கு மத்தியஸ்தர்பால் சென்று, 1941-இல் திருவிதாங்கூருக்குச் சாதகமாக முடிந்தது. பின்னர் 1970-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் எழுதப்பட்ட துணை உடன்படிக்கைகளால் குத்தகை ஏக்கருக்கு முப்பது ரூபாயாக உயர்ந்தது. மின்சாரம் எடுக்கவும் இசைவு கிடைத்தது. ஒரு பத்திரம் எழுதுங்கால் விடுபட்ட ஷரத்து, இரண்டு தலைமுறைக்குப் பின்னும் வழக்காய் முளைக்கும் என்பது இதனால் பெறப்படும். வாதத்தால் கிடையாதது சமரசத்தால் கிடைப்பதுண்டு என்பதும் உடன் பெறப்படும்.

மூன்றாவது, சாட்சியம். அணையின் உறுதிபற்றி எழுந்த அச்சத்தால் 1979-இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அணையைப் பலப்படுத்தும் வேலைகள் நடந்தபின், 142 அடிவரை நீர் தேக்கலாமென உச்ச நீதிமன்றம் 2006-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் தீர்ப்பளித்தது. பின்னெழுந்த வழக்கில், நீதியரசர் ஆனந்த் தலைமையில் 2010-இல் அமைந்த குழு அணையை ஆராய்ந்து 2012-இல் அறிக்கை தந்தது. சுண்ணாம்பும் கருங்கல்லும் நிலநடுக்கமும் பற்றிய நிபுணர் கூற்றை ஆய்ந்து, அதன் வலிவையும் மெலிவையும் எடுத்துக்காட்ட வல்லவனே அங்கே வக்கீல். ஆதலின் பௌதிகமோ கணிதமோ பயின்றவன் சட்டத்திற்கு அயலான் அல்லன்.

நான்காவது, அரசியலமைப்பு. 2006-ஆம் ஆண்டுத் தீர்ப்பு வந்த சின்னாட்களில், நீர்மட்டம் 136 அடிக்கு மேற்செல்லலாகாதெனக் கேரளச் சட்டசபை ஒரு திருத்தச் சட்டம் இயற்றியது. தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தில் நேர்வழக்குத் தொடுத்தது. ஐந்து நீதியரசர் கூடிய அமர்வு, 2014-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் அச்சட்டம் செல்லாதெனக் கூறிற்று. இரு கட்சியாரிடையே முடிந்த தீர்ப்பைச் சட்டசபை தன் வாக்கினால் துடைத்துவிடல் இயலாது என்பது அதன் சாரம்.

நிற்க. மாணவர் ஒன்றை மறத்தலாகாது. அணைக்குக் கீழே கேரளப் பக்கத்தில் வாழும் மக்கள் தம் உயிர்பற்றி அஞ்சுகின்றனர், அவ்வச்சம் பகைமையன்று. மார்க்கையன்கோட்டை இளைஞன் ஒருவன் கேரளத்தின் கட்சியை ஏற்று, கால் மணி நேரம் மனமார வாதிக்கக் கற்பானாயின், அன்றே அவன் சட்டம் பயிலத் தொடங்கினான் எனலாம். எதிரியின் நியாயத்தை அறியாதவன் தன் நியாயத்தையும் அறியான்.

இனிப் படிப்பின் வரலாறு. பள்ளி மேனிலைத் தேர்வுக்குப்பின் ஐந்தாண்டும், பட்டத்திற்குப்பின் மூன்றாண்டும் என இருவகைப் படிப்புகள் உள. இந்திய வழக்கறிஞர் கழகத்தின் 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி, சேர்வதற்குப் பொதுப் பிரிவினர் 45 விழுக்காடும், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் 40 விழுக்காடும் குறைந்த அளவாகப் பெற்றிருத்தல் வேண்டும். சென்னைச் சட்டக் கல்லூரி 1891-இலும், மதுரைச் சட்டக் கல்லூரி 1974-இலும், தேனி அரசு சட்டக் கல்லூரி 2019-இலும் தோன்றின. ஒருகால் சென்னைக்கு ரயிலேறினாலன்றிக் கிட்டாத கல்வி, இன்று தம் மாவட்டத்திலேயே கிட்டுகின்றது.

ஏட்டுப் படிப்போடு பயிற்சியும் கட்டாயமானது. மாதிரி நீதிமன்றத்தில் மூன்று வழக்குகள் வாதித்தல் வேண்டும். சிவில் ஒன்று, கிரிமினல் ஒன்று என இரண்டு விசாரணைகளை நேரிற் கண்டு எழுதுதல் வேண்டும். வக்கீல் கட்சிக்காரரைக் கேட்டறியும் முறையை இருமுறை உடனிருந்து நோக்கிக் குறித்தல் வேண்டும். மூன்றாண்டு மாணவர் பன்னிரண்டு வாரமும், ஐந்தாண்டு மாணவர் இருபது வாரமும் வெளியே பயிற்சி பெறல் வேண்டும். இவற்றைக் கையொப்பத்திற்காகச் செய்பவன் தன்னையே வஞ்சிப்பவனாவான்.

தமிழ்வழிப் பயின்று வருவார்க்குப் பெருந்தடை ஆங்கிலமே. இதற்கு மூன்று உபாயங்கள் உள. ஒன்று, உரைநூலுக்கு முன் மூலச் சட்டத்தையே பிரிவு பிரிவாகப் படித்தல். இரண்டு, ஒவ்வொரு தீர்ப்பையும் நிகழ்ச்சி, வினா, முடிவு, காரணம் என நான்காகப் பகுத்து ஒரே பக்கத்தில் எழுதுதல். மூன்று, ஒவ்வொரு சட்டச் சொல்லுக்கும் தமிழ்ச் சொல் எழுதிய கையேடு ஒன்று வைத்துக்கொள்ளுதல். இது புதுவழியன்று. மாயவரத்தில் முன்சீபாக விளங்கிய வேதநாயகம் பிள்ளையவர்கள், 1805 முதல் 1861 வரை வெளிவந்த மேல்நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் "சித்தாந்த சங்கிரகம்" என்னும் நூலாக 1862-இல் வெளியிட்டார்கள். தமிழில் எடுத்துக் கூற இயலாத சட்டத்தை நாம் இன்னும் முற்றும் உணரவில்லை என்று கொள்வதே நேர்மை. கீழ்க்கோர்ட்டில் நம்மிடம் வரும் குடியானவர் தமிழிலன்றோ கேட்பார்?

பழைய புத்தகங்களை விலைக்கு வாங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை. 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமும், 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமும், 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் நீங்கி, 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் புதிய மூன்று சட்டங்கள் அமலுக்கு வந்தன. எனினும் அந்நாளுக்கு முன் நிகழ்ந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்துமாதலின், இரண்டையும் அறிதல் வேண்டும்.

பட்டம் பெற்றபின் மாநில வழக்கறிஞர் கழகத்திற் பதிந்து, அகில இந்தியத் தகுதித் தேர்விலும் தேறுதல் வேண்டும். பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினர்க்கு 750 ரூபாய்க்கும், பட்டியல் சாதியினர் பழங்குடியினர்க்கு 125 ரூபாய்க்கும் மேற்படலாகாதென 2024-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது ஏழை மாணவர்க்குப் பேருதவி. முன்சீப் பதவியை நாடுவோர், மூன்றாண்டு வக்கீல் தொழில் செய்திருத்தல் வேண்டுமென 2025-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் அந்நீதிமன்றமே கூறியதையும் மனத்திற் கொள்க. அரசு வழக்கறிஞர், சட்ட உதவி, கம்பெனிகளின் சட்ட அலுவல் எனப் பிற வழிகளும் உள. 1923-ஆம் ஆண்டின் சட்டம் வந்த பின்னரே பெண்கள் வக்கீல்களாகலாம் என்பது நாடெங்கும் ஐயமற நிலைத்தது. ஆதலின் நம் மாணவியர் இவ்வுரிமையைப் பயன்படுத்தாது விடலாகாது.

உண்மையை மறைத்தல் தகாது. இத்தொழிலில் முதற் சில ஆண்டுகள் வருவாய் சொற்பம். சீனியரிடம் கட்டுத் தூக்கி, வாய்தா கேட்டு, காலையும் மாலையும் கற்கும் காலம் அது. அதனைத் தாங்கும் வகையைக் குடும்பத்தாரோடு கலந்து முன்னரே வகுத்துக்கொள்ள வேண்டும். கறுப்பு அங்கியின் மதிப்பை மட்டும் கண்டு வருவோர், இரண்டாம் ஆண்டிலேயே சோர்ந்து திரும்புவர்.

ஆதலின் விழைவுடைய மாணவர் ஒரு காரியம் செய்க. வரும் விடுமுறையில் உத்தமபாளையம் கோர்ட்டிற்குச் சென்று, காலை முதல் மாலை வரை ஒருநாள் முழுதும் பின்வரிசையில் அமர்ந்திருங்கள். நடக்கும் வழக்கொன்றில் வாதியின் கட்சியை ஒரு பக்கமும், பிரதிவாதியின் கட்சியை ஒரு பக்கமும் எழுதிப் பாருங்கள். அந்நாள் நெடிதாய்த் தோன்றுமாயின் வேறு தொழில் தேடுவதில் இழுக்கொன்றுமில்லை. அது விரைந்து கழிந்து, மறுநாள் அவ்வழக்கு என்னாயிற்றோ என்று மனம் நாடுமாயின், தயங்காது விண்ணப்பியுங்கள். நியாயத்தின்மேல் பசியும் தாகமுமுடையார்க்கு எல்லாம் வல்ல இறைவன் துணைநிற்பாராக.